உல்லாசப் பயணிகள் ஏன் குறைந்தனர்?
தாய்லாந்தின் அனுபவமும் நமது சங்கங்களும்

தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் அங்கத்தினர்களுக்கென நடைபெறும் இத்திங்களிதழில் அயல் நாட்டு உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், உல்லாசப் பயணி ஒருவன் ஒரு நாட்டில் இறங்கியதும் என்ன செய்கிறான் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அவன் உண்ணுகிறான், ஆகவே அரிசி, காய், கனி, மீன் ஆகியவற்றை வாங்குகிறான். ஊர் திரும்புமுன் உறவினருக்கென ஒரு துணியையோ, கைவினைப் பொருளையோ வாங்குகிறான். விடுதி முதலாளிக்கும் விமானக் கம்பெனிக்கும் அவன் கொடுப்பது போக எஞ்சும் பணம் விவசாயியின் வீட்டுக்கும் நெசவாளியின் வீட்டுக்கும் வருகிறது. அவன் வராது நின்றுவிட்டால் முதலில் அடுப்பு அணைவதும் அவ்வீடுகளிலேதான். எனவே, உலகில் உல்லாசப் பயணத்துக்கு மிகவும் பெயர் பெற்ற நாடுகளுள் ஒன்றாகிய தாய்லாந்துக்கு 2025ஆம் ஆண்டில் பயணிகள் ஏன் குறைந்தனர் என்பதை ஆராய்வது நமக்கும் பயன் தரும் என்று கருதுகிறோம்.

வளர்ந்த வரலாறு

தாய்லாந்து நமக்கு முற்றிலும் புதிய நாடன்று. 1939 வரை சயாம் என்று வழங்கிய அந்நாட்டுடன் தமிழ் வணிகர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்பு கொண்டிருந்தனர். அதன் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணிகள் அயுத்தியா அரசவைக்குச் சென்றன. சயாமியர் விரும்பிய உருவங்களையே நம் கரையோரக் கைவினைஞர் எழுதி அனுப்பினர். வாங்குவோன் விருப்பமறிந்து செய்யும் வித்தை நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

1960இல் தாய்லாந்து அரசு உல்லாசப் பயணத்துக்கென ஒரு தனி நிறுவனத்தை அமைத்தது. அவ்வாண்டில் அந்நாட்டுக்கு வந்த அயல் நாட்டார் சுமார் 81,000 பேர். 1987ஐ உல்லாசப் பயண ஆண்டாகக் கொண்டாடியபோது அத்தொகை ஏறத்தாழ 35 லட்சமாயிற்று. 2019இல் 3 கோடியே 99 லட்சமாக உயர்ந்தது. அவர்கள் அவ்வாண்டில் செலவிட்ட தொகை சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் கோடி பாத் ஆகும். பாத் என்பது அந்நாட்டு நாணயம். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் இது ஒன்பதில் ஒரு பங்குக்குச் சமம். கடற்கரை, பௌத்தக் கோயில்கள், சுவையான உணவு, இன்முகம் காட்டும் மக்கள், குறைந்த செலவு ஆகிய ஐந்தும் சேர்ந்து இவ்வளர்ச்சியை அளித்தன.

பட்டு நெசவும் இவ்வளர்ச்சியோடு சேர்ந்தே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாங்காக்கில் தங்கிவிட்ட ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், அந்நகரின் பான் குரூவா பகுதியில் கால்வாய்க் கரையில் வாழ்ந்த நெசவாளரிடம் பட்டுத் துணி நெய்வித்து அயல் நாட்டாருக்கு விற்கத் தொடங்கினார். நலிந்து கிடந்த தொழில் உயிர் பெற்றது. அவர் 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் உலாவச் சென்று திரும்பாமலே மறைந்துபோனார். அவர் உண்டாக்கிய சந்தை மறையவில்லை.

முந்திய சரிவுகளும் இப்போதைய சரிவும்

தாய்லாந்து இதற்கு முன்பும் பல இடர்களைக் கண்டுள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப் பேரலை அதன் மேற்குக் கரையைத் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர், அவர்களுள் அயல் நாட்டுப் பயணிகளும் ஏராளம். அவ்வாண்டில் 1 கோடியே 17 லட்சமாக இருந்த பயணிகள் தொகை அடுத்த ஆண்டில் 1 கோடியே 15 லட்சமாகக் குறைந்தது. ஆனால் 2006இல் 1 கோடியே 38 லட்சமாக உயர்ந்துவிட்டது. பிறகு கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது வரவு அடியோடு நின்றது. 2019இல் ஏறத்தாழ 4 கோடி பேர் வந்த நாட்டுக்கு 2021இல் வந்தவர் 4 லட்சத்து 28 ஆயிரம் பேரே. அதன் பின் படிப்படியாக ஏற்றம் கண்டது. 2022இல் 1 கோடியே 11 லட்சமும், 2023இல் 2 கோடியே 81 லட்சமும், 2024இல் 3 கோடியே 55 லட்சமும் வந்தனர். 2025இல் பழைய 4 கோடியை எட்டிவிடலாம் என்ற நம்பிக்கை நிலவியது. நடந்ததோ வேறு. அவ்வாண்டில் வந்தவர் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர். முந்திய ஆண்டைவிட 25 லட்சம் குறைவு.

இச்சரிவை முந்திய சரிவுகளோடு சேர்த்து எண்ணுவது தவறாகும். ஆழிப் பேரலையும் கொள்ளை நோயும் எல்லாரையும் ஒருசேரத் தாக்கியவை. நோய் பரவிய காலத்தில் எந்த நாட்டுக்கும் எவரும் செல்லவில்லை. 2025இன் நிலை அதுவன்று. அவ்வாண்டில் வியட்நாமுக்கு 2 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர்; முந்திய ஆண்டில் அங்கு வந்தவர் 1 கோடியே 76 லட்சம். ஜப்பானுக்கு வந்தவர் தொகை 3 கோடியே 69 லட்சத்திலிருந்து 4 கோடியே 27 லட்சமாக உயர்ந்தது. ஆகவே, உலக மக்கள் பயணம் செய்வதை நிறுத்திவிடவில்லை. அவர்கள் வேறு கடைக்குச் சென்றுவிட்டார்கள். மழை பெய்து சந்தை கூடாத நாளில் வியாபாரம் குறைவதற்கும், சந்தை நிறைந்த நாளில் நம் கடை மட்டும் காலியாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கத்தினர்கள் நன்கறிவர். முன்னதற்குப் பொறுத்திருந்தால் போதும். பின்னதற்குக் காரணம் தேட வேண்டும்.

முதற் காரணம்: அச்சம்

2025 ஜனவரியில் வாங் சிங் என்னும் சீன நடிகர், திரைப்பட வேலை கிடைக்கும் என்ற சொல்லை நம்பித் தாய்லாந்து வந்தார். அவரை எல்லையோர நகரமான மே சோட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து மியன்மார் நாட்டுக்குள் கடத்திவிட்டனர். தொலைபேசியிலும் கணினியிலும் அயலாரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கூட்டங்கள் அந்த எல்லைப்புறத்தில் கூடாரமிட்டிருந்தன. ஏமாந்து வந்தவர்களைச் சிறைப்படுத்தி அத்தொழிலில் ஈடுபடுத்துவது அவற்றின் வழக்கம். நடிகர் சில நாட்களில் மீட்கப்பட்டார். ஆனால் செய்தி சீனாவின் மூலைமுடுக்கெல்லாம் பரவிவிட்டது. சீனப் புத்தாண்டு விடுமுறை நெருங்கும் வேளை அது. பதிவு செய்த பயணங்களைப் பலர் ரத்துச் செய்தனர்.

மார்ச் 28ஆம் தேதி மியன்மாரில் பெரும் நில நடுக்கம் உண்டாயிற்று. அதன் மையத்திலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாங்காக்கில், கட்டி முடிக்கப்படாதிருந்த ஓர் அரசாங்க அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து விழுந்து பலர் உயிரிழந்தனர். நகரின் மற்ற உயர்ந்த கட்டடங்கள் நிலைத்து நின்றன. ஆனால் உலகத்தார் கண்டது விழுந்த ஒன்றின் படத்தையே. ஜூலை 24 முதல் 28 வரை தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லைப் போர் மூண்டது. டிசம்பரில் மீண்டும் சண்டை நடந்தது. நவம்பரில் தெற்கேயுள்ள ஹாட் யாய் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பலர் விடுதிகளின் மாடிகளில் சிக்கித் தவித்தனர்.

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்றால் நாடு தாங்கியிருக்கும். ஓராண்டுக்குள் அடுத்தடுத்து வந்ததே கேடாயிற்று. உல்லாசப் பயணத்தில் விற்கப்படும் சரக்கு நிம்மதியே ஆகும். துணியில் ஓரிழை அறுந்தால் முடிச்சுப் போடலாம். நம்பிக்கை அறுந்தால் முடிச்சு எளிதில் நிற்பதில்லை. பயணி ஆராய்ச்சி செய்வதில்லை. எல்லைப் போர் நடந்த இடத்துக்கும் கடற்கரைக்கும் எத்தனை நூறு கிலோமீட்டர் என்று அவன் அளந்து பார்ப்பதில்லை. குழந்தை குட்டிகளோடு செல்பவன், ஐயம் எழும் இடத்தை விட்டு ஐயமற்ற இடத்தை நாடுகிறான்.

இரண்டாவது காரணம்: நாணயத்தின் மதிப்பு

நாணய மதிப்பு உயர்வது நாட்டுக்குப் பெருமை என்று பொதுவாக எண்ணுகிறோம். அயல் நாட்டாருக்கு விற்பவனுக்கு அது பெருமை மட்டுமன்று, பாரமும் ஆகும். 2025இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 34 பாத் கிடைத்தது. ஆண்டிறுதியில் 32 பாத்துக்கும் குறைவாகவே கிடைத்தது. 3,400 பாத் வாடகையுள்ள விடுதி அறையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் அதற்கு 100 டாலர் தேவை. ஒரு டாலருக்கு 31½ பாத் வீதம் கணக்கிட்டால் அதே அறைக்கு ஏறத்தாழ 108 டாலர் தேவை. விடுதிக்காரன் வாடகையை ஒரு பாத்தும் உயர்த்தவில்லை. ஆயினும் வந்தவனுக்கு விலை ஏறிவிட்டது.

அதே காலத்தில் ஜப்பானில் நிலைமை தலைகீழாக இருந்தது. 2019இல் ஒரு டாலருக்குச் சுமார் 110 யென் கிடைத்தது. 2025இல் 150 யென் அளவில் கிடைத்தது. முன்பு செலவு மிகுந்த நாடென்று ஒதுக்கப்பட்ட ஜப்பான் கைக்கு எட்டும் நாடாயிற்று. மலிவு என்று பெயரெடுத்த தாய்லாந்து அப்பெயரை இழக்கலாயிற்று. மலிவு என்ற ஒன்றை மட்டும் நம்பி வந்த வாடிக்கையாளன், அதனினும் மலிவான இடத்தைக் கண்டதும் போய்விடுவான். இது துணிக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் நாம் கண்ட உண்மையே.

நாணய மதிப்போடு உள்ளூர்ப் பேராசையும் சேர்ந்தது. பூக்கெட் தீவில் வாடகைக் கார்க்காரர் கேட்கும் கூலி அளவுக்கு மீறியது என்பது பல்லாண்டுப் புகார். தேசியப் பூங்காக்களில் உள்நாட்டாருக்கு ஒரு கட்டணமும் அயல் நாட்டாருக்கு அதனைவிடப் பல மடங்கு கட்டணமும் வாங்குகின்றனர். உள்நாட்டு ஏழை மக்கள் தம் நாட்டு இயற்கையைக் காணச் சலுகை தருவது முறையே. ஆனால் ஒவ்வொரு வாயிலிலும் தன்னிடம் மட்டும் அதிகம் பறிக்கிறார்கள் என்ற எண்ணம் விருந்தினன் மனத்தில் எழுமாயின், அவன் ஊர் திரும்பிச் சொல்லும் சொல் நல்ல சொல்லாக இராது.

மூன்றாவது காரணம்: ஒரே வாடிக்கையாளரை நம்பியது

இக்காரணமே நமக்கு மிகவும் முக்கியமானது. 2019இல் தாய்லாந்துக்கு வந்த நூறு பேரில் 27 பேர் சீனர்கள். தொகையில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர். 2024இல் வந்த சீனர் 67 லட்சம். 2025இல் வந்தவரோ சுமார் 45 லட்சம். அதாவது அவ்வாண்டில் ஏற்பட்ட 25 லட்சக் குறைவில் 22 லட்சம் அளவுக்குச் சீனர் குறைவே ஈடாக நிற்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்தோர் கூடினர். இந்தியாவிலிருந்து வந்தோரும் கூடி, 25 லட்சத்தை நெருங்கினர். 2023 நவம்பரில் இந்தியருக்கு விசா இன்றி வர அனுமதியளித்தது இதற்குத் துணை செய்தது. ஆயினும் பல சிறு வரவுகள் சேர்ந்தும் ஒரு பெரும் இழப்பை நிரப்ப இயலவில்லை.

சீனர் குறைந்ததற்கு அச்சம் மட்டும் காரணமன்று. அந்நாட்டில் வீட்டு மனை வியாபாரம் படுத்துப் பலரின் சேமிப்பின் மதிப்பு குறைந்தது. மக்கள் செலவைச் சுருக்கினர். உள்நாட்டிலேயே சுற்றிப் பார்க்கத் தலைப்பட்டனர். மலேசியா முதலிய நாடுகளும் விசா தேவையில்லை என்று அறிவித்து அவர்களை அழைத்தன. வாங்குவோன் வீட்டில் ஏற்பட்ட கஷ்டம் விற்போன் வீட்டையும் தாக்கும். ஒருவனையே நம்பியிருந்தால் அத்தாக்குதல் முழுமையாக இருக்கும்.

இங்கே மற்றொரு விஷயத்தையும் கூற வேண்டும். சீனர் மிகுதியாக வந்த நாட்களிலும் அப்பணம் முழுவதும் தாய்லாந்து மக்களுக்குக் கிடைக்கவில்லை. பயண ஏற்பாட்டாளர் சிலர், அடக்க விலைக்கும் குறைவாகப் பயணச் சீட்டு விற்று மக்களைக் கூட்டமாக அழைத்து வந்தனர். நஷ்டத்துக்கு யாரேனும் தொழில் செய்வார்களா? அழைத்து வந்த கூட்டத்தைத் தமக்கு வேண்டிய கடைகளுக்கே ஓட்டிச் சென்றனர். அங்கே நகையும் தலையணையும் மருந்தும் கொள்ளை விலைக்கு விற்றன. அதில் கிடைத்த தரகு, பயணத்தில் ஏற்பட்ட நஷ்டத்தை ஈடு செய்து லாபமும் தந்தது. விடுதி, பேருந்து, உணவுக் கடை, நகைக் கடை ஆகிய அனைத்தும் ஒரே கூட்டத்தின் கையில் இருந்தன. தெருவோரத்தில் பழம் விற்பவளும் துணி விற்பவளும் பேருந்து போகும் புழுதியை மட்டுமே கண்டனர். 2016இல் அரசாங்கம் இம்முறையை ஒடுக்க முற்பட்டது.

இக்கதை நமக்குப் பழக்கமானதே அல்லவா? நூலைக் கடனாகக் கொடுத்து, சேலையைத் தான் வைத்த விலைக்குத் திரும்பப் பெறும் வியாபாரியிடம் சிக்கிய நெசவாளியின் கதையும் இதுவே. விதையும் உரமும் கடன் தந்து, அறுவடையைக் களத்திலேயே அள்ளிச் செல்லும் தரகரிடம் சிக்கிய விவசாயியின் கதையும் இதுவே. சந்தைக்குள் போகும் வழியை ஒருவன் கைப்பற்றிவிட்டால், சந்தை எவ்வளவு பெரிதாயினும் உற்பத்தியாளனுக்குப் பயனில்லை. கூட்டுறவு இயக்கம் தோன்றியதே இவ்வழியை உற்பத்தியாளர் கையில் வைப்பதற்காகத்தான்.

நான்காவது காரணம்: இளைப்பாறாத நிலமும் கடலும்

தாய்லாந்தின் தெற்கே பீ பீ தீவுகளில் மாயா விரிகுடா என்றோர் அழகிய கடற்கரை உண்டு. ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற அச்சிறு மணற்பரப்பில் ஒரு நாளில் 5,000 பேர் வரை வந்திறங்கினர். படகுகளின் நங்கூரமும் மக்களின் காலடியும் பவளப் பாறைகளை அழித்தன. 2018 ஜூனில் அக்கடற்கரையை மூடிவிட்டனர். பவளம் நடப்பட்டது, சுறா மீன்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில், வருவோர் தொகைக்கு வரம்பு கட்டி, படகுகள் கரையை நெருங்காதவாறு தடுத்து, மீண்டும் திறந்தனர். நிலத்தை ஒரு போகம் தரிசு விட்டு வளம் சேர்க்கும் விவசாயிக்கு இதன் அருமை விளங்கும்.

வடக்கே சியங் மாய் நகரில் வேறு விதமான கஷ்டம். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத் தீயாலும் வயல்களில் தாள்களை எரிப்பதாலும் எழும் புகை அந்நகரை மூடுகிறது. மலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, மூச்சு முட்டுகிறது. அப்பருவத்தில் பயணிகள் அந்நகரைத் தவிர்க்கின்றனர். மக்காச்சோளத் தாளை எரிக்கும் விவசாயி வேறு. விடுதி நடத்துவோன் வேறு. ஆனால் ஒருவன் வயலின் புகை மற்றவன் தொழிலை அழிக்கிறது. தாளை உரமாக்கவும் தீவனமாக்கவும் உரிய கருவியும் பணமும் கிட்டினாலன்றி விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை.

நெசவாளி கண்ட நிலை

இனி, நமக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். தாய்லாந்தின் வடகிழக்குப் பிரதேசம் ஈசான் எனப்படும். மழை குறைந்த, வறிய பிரதேசம். அங்கே கோன் கேன், சுரின் முதலிய மாவட்டங்களில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் வயல் வேலை ஓய்ந்த காலத்தில் பட்டுப் புழு வளர்த்து, நூல் இழைத்து, தறியில் நெய்கின்றனர். மட்மீ என்னும் அவர்களது துணியில், ஊடை நூலைச் சிறு கட்டுகளாகக் கட்டிச் சாயம் தோய்த்து, பின்னரே நெய்வார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து நெய்யும்போது உருவம் துணியில் மலரும். நமது நாட்டில் போச்சம்பள்ளி நெசவாளரும் ஒரிஸ்ஸா நெசவாளரும் கைக்கொள்ளும் முறையைச் சேர்ந்ததே இது.

இத்தொழிலைக் காக்க அந்நாட்டு அரசி சிரிகிட் 1976இல் ஓர் அறநிலையத்தை நிறுவினார். 2001இல் ‘ஒரு வட்டாரம், ஒரு பொருள்’ என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஜப்பானின் ஓயிடா மாவட்டத்தில் நடந்த இயக்கத்தைப் பின்பற்றியது இது. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கே உரிய ஒரு பொருளைத் தேர்ந்து, தரப்படுத்தி, விற்க வேண்டும் என்பது இதன் கருத்து. உண்மையான தாய்லாந்துப் பட்டை அடையாளம் காண மயில் முத்திரையும் ஏற்படுத்தினர். நூலின் தன்மைக்கும் நெய்த முறைக்கும் ஏற்பப் பொன், வெள்ளி, நீலம், பச்சை என நான்கு நிற மயில்கள் உண்டு.

ஆயினும் பயணிகள் தெருவில் வாங்கும் துணியில் பெரும் பகுதி இதுவன்று. யானை உருவம் அச்சிட்ட தளர்ந்த கால்சட்டை ஒன்று பயணிகளிடையே மிகவும் பரவியது. தாய்லாந்தின் சின்னமாகவே அது ஆகிவிட்டது. ஆனால் அவற்றில் பல சீனாவின் ஆலைகளில் மலிவாகத் தைக்கப்பட்டு வந்திறங்கியவை. 2024இல் அரசாங்கம் இதனைத் தடுக்க நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. பயணி, தாய்லாந்துத் துணி வாங்கியதாக மகிழ்கிறான். ஈசான் நெசவாளியோ அதில் ஒரு பாத்தும் காணவில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் கடைகளால் நம் அங்கத்தினர் படும் நஷ்டத்தை இது நினைவூட்டும்.

2025 ஜூலையில் எல்லைப் போர் மூண்டபோது சுரின் மாவட்டத்தின் எல்லையோர மக்கள் ஊரை விட்டு வெளியேறிப் பாதுகாப்பு முகாம்களில் தங்க வேண்டியதாயிற்று. வீட்டை விட்டுப் போகும் பெண் புழுத் தட்டையும் தறியையும் உடன் எடுத்துச் செல்ல முடியாது. தழை வைக்காத புழு ஒரு நாளில் வாடும். பயணிகள் தொகையைக் கணக்கிடும் ஏடுகளில் இந்நஷ்டம் ஏறுவதில்லை.

நமது சங்கங்கள் கருத வேண்டியவை

தாய்லாந்து வீழ்ந்துவிட்டது என்று கூறுவது பொருந்தாது. ஓராண்டில் 3 கோடிக்கு மேற்பட்ட விருந்தினர் வந்த நாடு அது. அதன் அனுபவத்திலிருந்து நம் சங்கங்களுக்கு உரியவை எவை என்பதே நம் அக்கறை. நான்கு விஷயங்களைக் கூறுவோம்.

முதலாவது, ஒரே சந்தையை நம்பலாகாது. பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனையை மட்டும் நம்பும் நெசவாளர் சங்கமும், ஒரே மண்டியை நம்பும் விவசாயிகள் சங்கமும் தாய்லாந்து சீனரை நம்பியது போன்ற நிலையில் உள்ளன. அந்த ஒரு வாயில் அடைபடும் ஆண்டில் கூலி கொடுக்கவும் கையில் பணம் இராது.

இரண்டாவது, மலிவு என்பது நிலையான பலம் அன்று. நம்மினும் மலிவாகத் தருபவன் நாளையே தோன்றுவான். மற்றவன் தர முடியாததைத் தருவதே பலம். நேர்த்தியான நெசவு, நிற்கும் சாயம், சரியான அளவு, கலப்பற்ற தானியம் ஆகியவையே அது.

மூன்றாவது, முத்திரையைக் காக்க வேண்டும். 2006இல் ஏற்பட்ட நமது கைத்தறி முத்திரையும், ஊர்ப் பெயருக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் காகிதத்தில் இருந்தால் போதாது. அவற்றை ஒட்டிய துணி ஒன்றேனும் போலியாக இருந்தால், ஆயிரம் உண்மையான துணிகளின் பெயர் கெடும். ஓர் அங்கத்தினர் செய்யும் பிழை சங்கம் முழுவதையும் சாரும். பாங்காக்கில் ஒரு கட்டடம் சரிந்ததும் நகரம் முழுவதையும் உலகம் ஐயுற்றதை மறக்கலாகாது.

நான்காவது, நல்ல ஆண்டில் சேம நிதியைப் பெருக்க வேண்டும். விற்பனை ஓங்கிய ஆண்டில் லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ள அங்கத்தினர் விரும்புவது இயல்பே. ஆனால் 2021இல் பாங்காக் கடைத்தெருக்கள் மூடிக் கிடந்தபோது, சேமிப்பு வைத்திருந்தவர் கடையைத் திரும்பத் திறந்தனர். இல்லாதவர் கடனில் மூழ்கினர்.

இவற்றைப் படித்து முடித்ததும் சங்க நிர்வாகிகள் ஒரு சிறு வேலை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்ற மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கை எடுத்து, மொத்த விற்பனையில் நூற்றுக்கு எத்தனை ஒரே இடத்துக்கு, அல்லது ஒரே பருவத்தில், சென்றது என்று கணக்கிடுங்கள். அத்தொகை பாதிக்கு மேல் இருக்குமாயின் அதனை அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் முன் வையுங்கள். வேறு எந்த ஊரில், எந்தப் பொருளை, யாருக்கு விற்கலாம் என்று அங்கத்தினரே யோசனை கூறட்டும். வாயில் திறந்திருக்கும் காலத்திலேயே இரண்டாவது வாயிலை அமைத்துக்கொள்வது எளிது.